ஏர் ஃப்ளோ சென்சாரைக் கழற்றும் முன்

ஏர் ஃப்ளோ சென்சார், இன்ஜின் இழுக்கும் காற்றை எடை போட்டுச் சொல்லும் கருவி. பிக்கப் வண்டியின் பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும், டர்போவுக்குப் போகும் கருப்பு ரப்பர் ஹோஸுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழல் தெரியும். அதன் மேல் நான்கைந்து ஒயர்கள் வந்து சேரும் கப்ளர் இருக்கும். பெருவிரல் அளவுள்ள அந்தத் துண்டுதான் சென்சார். ஒர்க்‌ஷாப்பில் சிலர் மாஸ் சென்சார் என்பார்கள், சிலர் எச்.எஃப்.எம். என்பார்கள், பலர் 'ஏர் சென்சார்' என்று சுருக்கிவிடுவார்கள். எல்லா வண்டியிலும் இது இருக்காது. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிகளில் கிடையாது. சிறிய பெட்ரோல், சி.என்.ஜி. லோடு வண்டிகள் பலவற்றில் இதற்குப் பதிலாகக் காற்றின் அழுத்தத்தை அளக்கும் வேறொரு சென்சார் வேலை செய்கிறது. பி.எஸ்.4, பி.எஸ்.6 புகை விதிக் காலத்து காமன் ரெயில் டீசல் பிக்கப்புகளில்தான் ஏர் ஃப்ளோ சென்சாரின் ராஜ்யம்.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் இந்தச் சென்சாருக்கு ஓய்வு கிடையாது. மரவள்ளிக் கிழங்கு, கரும்பு, மஞ்சள், வெற்றிலைக் கட்டு என்று தோட்டத்து விளைச்சல் பெரும்பாலும் பிக்கப்பில்தான் ஊரைவிட்டுக் கிளம்புகிறது. காலையில் செம்மண் புழுதி பறக்கும் வண்டிப்பாதை, மதியம் சேலம் சாலை, திரும்பும்போது உர மூட்டையோ சிமெண்டோ ஏற்றிக்கொண்டு மஞ்சவாடி கணவாய் ஏற்றம். ஒரே நாளில் புழுதியும் மேடும் சுமையும் சேர்ந்து வருகிற இடம் இது. பழுது முதலில் வெளிப்படுவதும் அந்த ஏற்றத்தில்தான். சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி, கணவாயில் மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டுக்கு இறங்குகிறது. மீட்டர் போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. "வண்டி மேட்டுல மூச்சு வாங்குதுண்ணே" என்று டிரைவர் சொல்வார். கேலியாகச் சொன்னாலும் அது சரியான வர்ணனைதான்.

காற்றை ஏன் எடை போட வேண்டும்? லிட்டர் கணக்கில் அளந்தால் போதாதா? போதாது. கடல் மட்டத்தில் 30 டிகிரி வெப்பத்தில் 1,000 லிட்டர் காற்று 1.16 கிலோ அளவு இருக்கும். மேடு ஏற ஏற, வெயில் ஏற ஏற, அதே 1,000 லிட்டரில் காற்று மெலியும், ஆக்சிஜனும் குறையும். டீசல் எரிவது காற்றின் பருமனை வைத்து அல்ல, அதிலுள்ள ஆக்சிஜனின் எடையை வைத்து. மார்கழி விடியற்காலையிலும் சித்திரை மதியத்திலும் அதே இன்ஜின் ஒழுங்காக ஓட வேண்டுமென்றால், எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

அளக்கும் முறை எளிமையானது. டீயை ஆற்றினால் ஏன் சீக்கிரம் சூடு குறைகிறது? காற்று பட்டுச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய தகடு மின்சாரத்தால் சூடாக்கப்பட்டு, உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு அதிகச் சூட்டிலேயே வைக்கப்படுகிறது. காற்று அதிகம் ஓடினால் சூடு அதிகம் பறிபோகும். அதைக் கணக்கிட்டு, ஓடும் காற்றின் எடையை ஒரு மின் சைகையாக இன்ஜினின் கணினிப் பெட்டிக்கு, அதாவது இ.சி.யூ.வுக்கு அனுப்புகிறது. சூடான கம்பியைக் காற்று எப்படிக் குளிர்விக்கிறது என்பதற்கான சூத்திரத்தை மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி வெஸ்ஸோ கிங் 1914-லேயே எழுதிவிட்டார். அது காருக்குள் வரத்தான் காலம் பிடித்தது. 1970-களில் பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் அமைப்பில், காற்று தள்ளத் தள்ளத் திறக்கும் ஒரு மடல் கதவு இருந்தது. 1980-களில் அதன் இடத்தில் பிளாட்டினக் கம்பி வந்தது. இன்ஜினை நிறுத்தியதும் அந்தக் கம்பியைச் சில நொடிகள் ஏறத்தாழ 1,000 டிகிரிக்குச் சூடாக்கி, ஒட்டிய அழுக்கைத் தானாகவே எரித்துவிடும் ஏற்பாடும் கூடவே இருந்தது. பிறகு வந்த தகடு வகை விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் அந்தச் சுய சுத்தம் அதோடு போயிற்று. இன்று பிக்கப்புகளில் இருப்பது இந்தத் தகடு வகைதான். ஒட்டிய அழுக்கு ஒட்டியபடியே கிடக்கும்.

பெட்ரோல் வண்டியில் இந்த அளவு, எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும் என்பதை நேரடியாகத் தீர்மானிக்கிறது. டீசலில் அதற்கு இரண்டு வேலை. முதலாவது, புகை வரம்பு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும், உள்ளே இருக்கும் காற்றுக்கு எவ்வளவு டீசல் எரியுமோ அதற்கு மேல் இ.சி.யூ. விடாது. விட்டால் கரும்புகைதான். இரண்டாவது, இ.ஜி.ஆர். வால்வு. எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விட்டு, நைட்ரஜன் ஆக்சைடு உண்டாவதைக் குறைக்கும் அமைப்பு அது. புகை எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுக்குப் புதுக்காற்று குறையும். அந்தக் குறைவைப் பார்த்துத்தான் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று இ.சி.யூ. தெரிந்துகொள்கிறது. நாடு முழுதும் பி.எஸ்.4 2017 ஏப்ரலிலும் பி.எஸ்.6 2020 ஏப்ரலிலும் கட்டாயமான பிறகு, இந்தச் சின்னத் தகட்டின் சொல்லுக்கு மதிப்பு கூடிவிட்டது.

அது பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது, எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. அழுக்கு படிந்த தகடு, போர்வை போர்த்தியதுபோல, சூட்டை விடாது. ஓடுகிற காற்றைவிடக் குறைவாகவே பெரும்பாலும் காட்டும். இ.சி.யூ. அதை நம்பி டீசலைக் குறைக்கும். புகை வராது, இழுவை மட்டும் போய்விடும். அதிகமாகக் காட்டினால் கதை தலைகீழ். இல்லாத காற்றுக்கு டீசல் போகும், இ.ஜி.ஆர். தேவைக்கு மேல் திறக்கும், பின்னால் வருகிற பைக்காரர் முகத்தில் கரும்புகை அடிக்கும். புகையில்லாமல் சோர்ந்த வண்டியா, புகைந்துகொண்டு சோர்ந்த வண்டியா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் பாதித் தேடல் மிச்சம்.

மீதிப் பாதி அவ்வளவு சுலபமல்ல. காற்று குறைவாக இருக்கிறது என்று சென்சார் சொல்லும்போது, உண்மையிலேயே காற்று குறைவாக இருக்கலாம். அடைத்த ஃபில்டர், கிழிந்த ஹோஸ், திறந்தபடி சிக்கிக்கொண்ட இ.ஜி.ஆர்., களைத்த டர்போ ஆகிய நான்கும் இதே சென்சாரின் பெயரில்தான் புகார் கொடுக்கும். விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் ஏர் ஃப்ளோ என்று வந்தது, உடனே சென்சாரை மாற்று என்று கிளம்பி, சில ஆயிரம் ரூபாய் செலவழித்த மறுநாளே அதே விளக்கு எரிவது இதனால்தான். சேதி கொண்டுவந்தவனை அடிக்கிற வேலை அது.

ஸ்கேனர் காட்டும் எண்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகினால், இந்தச் சென்சாருக்கான பொதுவான பழுதுக் குறியீடுகள், அதாவது கோடுகள், பி 0100-லிருந்து பி 0104 வரை வரும். பி 0102 என்றால் சைகை அளவுக்கு மீறிக் குறைவு, பி 0103 என்றால் அளவுக்கு மீறி அதிகம், பி 0104 என்றால் விட்டு விட்டு வருகிறது. இவை பெரும்பாலும் ஒயர், கப்ளர், எர்த் சம்பந்தமானவை, அல்லது சென்சார் ஒரேயடியாகச் செத்துவிட்டது. பி 0101 வேறு ஜாதி. ஒயர் சரி, சைகையும் வருகிறது, ஆனால் அந்தச் சைகை மற்ற சென்சார்கள் சொல்வதோடு பொருந்தவில்லை என்பது அதன் பொருள். சென்சாரை மாற்றச் சொல்லும் கோடு அல்ல அது, காற்று வழி முழுவதையும் பார்க்கச் சொல்லும் கோடு. இழுவை இல்லாத வண்டியில் விளக்கே எரியாமலும் இருக்கலாம். தகடு கொஞ்சம் கொஞ்சமாக அழுக்கேறும்போது, பொய் ஓர் எல்லையைத் தாண்டும்வரை இ.சி.யூ.வுக்குச் சந்தேகம் வராது.

தேட வேண்டிய முதல் இடம் ஃபில்டர் பெட்டி. கிளிப்பைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால், தாளில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் ஒளி குத்தும். தரையில் தட்டுவதும், கம்ப்ரஸர் காற்றை நெருக்கமாகப் பிடித்து ஊதுவதும் இத்துளைகளுக்குக் காரணம். ஊதிச் சுத்தம் செய்த ஃபில்டர் பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், ஆனால் சலித்தெடுக்கும் வேலையைச் செய்யாது. அடுத்து, பெட்டியின் உள்பக்கத்தை, அதாவது ஃபில்டரைத் தாண்டி இன்ஜினை நோக்கிய பக்கத்தை, சுட்டுவிரலால் ஒரு தடவு. விரல் சுத்தமாக வந்தால் நல்லது. செம்மண் ஒட்டினால், புழுதி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை, அல்லது மலிவு ஃபில்டரின் அளவே சரியில்லை. இந்த நிலையில் சென்சாரைச் சுத்தம் செய்தாலும் மாற்றினாலும் பத்து நாள்தான் தாங்கும். ஃபில்டரில் எண்ணெய் தடவினால் புழுதி பிடிக்கும் என்ற பழைய பழக்கமும் சென்சாருக்கு எமன்தான். எண்ணெய் ஆவி தகட்டில் படிந்து புழுதியை ஒட்டவைக்கிற பசையாகிவிடும்.

அடுத்தது ஹோஸ்கள். எந்த இடத்தில் காற்று கசிகிறது என்பதைப் பொறுத்துச் சென்சார் சொல்வது மாறும். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே ஹோஸ் கிழிந்தால், இன்ஜின் அந்தக் கிழிசல் வழியாகவும் காற்றை இழுக்கும். அந்தக் காற்று சென்சாரைத் தாண்டி வருவதில்லை. எனவே சென்சார் குறைத்துக் காட்டும். டர்போவுக்கு அப்பால், இன்டர்கூலர் பக்கம் கிழிந்தால், அளந்த காற்று வெளியே பீறிட்டுப் போகும். சென்சார் நிறையக் காற்று என்று சொல்லும், இன்ஜினுக்குள்ளே பஞ்சம், கரும்புகை. இரண்டு பக்கமும் சென்சார் சொன்னது உண்மை என்பதைக் கவனிக்க வேண்டும். டர்போவுக்கு அப்பால் உள்ள கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டர்போவிலிருந்து வரும் காற்றோடு மெல்லிய ஆயில் ஆவியும் கலந்திருப்பதால், கசியும் கிளாம்ப் ஓரத்தில் ஆயிலும் புழுதியும் சேர்ந்து கருப்புப் பசையாகக் காய்ந்திருக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒருவர் ரேஸ் கொடுக்க, நுரை குமிழியிட்டால் அங்கேதான். இழுக்கும் பக்கத்தில் நுரை வராது. அங்கே ஹோஸைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக விரித்து வளைத்துப் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டிருக்கும் விரிசல், லோடு ஏறி இன்ஜின் தன் மவுண்ட்டில் சாயும்போதுதான் வாயைத் திறக்கும். "ஷெட்டுல நல்லா இருக்கு, கணவாயில இழுக்கல" என்ற புதிருக்கு விடை பல நேரம் இந்த மடிப்புக்குள் இருக்கிறது.

ஒயரையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். கப்ளரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்த பின், தண்ணீர், வளைந்த முனை எதுவானாலும் தெரியும். மழைநாளில் சேறு கழுவ உயரழுத்தத் தண்ணீரை இன்ஜின் அறைக்குள் அடிப்பவர்களுக்கு இது தவறாமல் வரும். தானிய மூட்டை அடுக்கிய கொட்டகையில் இரவில் நிற்கும் வண்டியில் எலி கடித்த ஒயரும் சகஜம். மல்டிமீட்டர் இருந்தால், இக்னிஷனை ஆன் செய்து கப்ளருக்கு 12 வோல்ட் வருகிறதா, எர்த் சுத்தமாக இருக்கிறதா, 5 வோல்ட் ஒயர் உள்ள வகையில் அதுவும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வோல்ட்டாகச் சைகை தரும் சென்சார்கள் பலவற்றில் இன்ஜின் ஓடாதபோது சைகை ஒயரில் 1 வோல்ட்டை ஒட்டி இருக்கும், ரேஸ் கொடுத்தால் தடங்கலின்றி 4 வோல்ட்டை நோக்கி ஏறும். ஏறும்போது நடுவில் தடுக்கி விழுந்தால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும். புதிய வகைகள் சில வோல்ட்டாக இல்லாமல் அலைவெண்ணாகச் சொல்லும். அங்கே சாதாரண மீட்டர் காட்டும் வோல்ட்டை நம்பி முடிவு கட்டக்கூடாது.

உண்மையான விசாரணை ஸ்கேனரின் நேரடி அளவுகளில் நடக்கிறது. கோடு மட்டும் பார்த்துவிட்டு ஸ்கேனரைக் கழற்றுகிறவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். சென்சார் சொல்வது சரியா என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,523 சி.சி. இன்ஜின் கொண்ட பொலேரோ பிக்கப்பை எடுத்துக்கொண்டால், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். நிமிடத்துக்கு 850 சுற்றில் ஐடிலில் ஓடினால் 425 முறை, முறைக்கு 2.5 லிட்டர், மொத்தம் சுமார் 1,070 லிட்டர். சிலிண்டர் ஒருபோதும் முழுதாக நிரம்பாது. அதற்காக ஒரு பத்து சதவீதத்துக்கு மேல் கழித்து, லிட்டருக்கு 1.1 கிராம் என்று பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 கிலோ, நொடிக்கு 17 கிராம் கிடைக்கும். இ.ஜி.ஆர். மூடியிருக்கும்போது ஸ்கேனர் 15-லிருந்து 20-க்குள் காட்டினால் சென்சார் நேர்மையானது. 8 காட்டினால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இ.ஜி.ஆர். திறந்திருந்தால் புதுக்காற்று அப்படித்தான் பாதியாகக் குறையும். வால்வை மூடச் சொல்லி ஸ்கேனரில் கட்டளை கொடுத்த பிறகும் 8-லேயே நின்றால்தான், வால்வு சிக்கியிருக்கிறதா, ஹோஸ் கிழிந்திருக்கிறதா, சென்சார் பொய்யா என்ற மூன்றுக்குள் விஷயம் சுருங்கும். இன்ஜினை நிறுத்தி, இக்னிஷன் மட்டும் ஆனில் இருக்கும்போது அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். காற்றே ஓடாதபோது காற்று ஓடுகிறது என்று சொல்கிற சென்சாருக்கு வேறு சாட்சி தேவையில்லை.

கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது ஒர்க்‌ஷாப்புகளில் பழகிய சோதனை. சென்சார் இல்லாவிட்டால் இ.சி.யூ. தன்னிடம் எழுதி வைத்திருக்கும் உத்தேச அளவை எடுத்துக்கொள்ளும். அப்போது வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தால் சென்சார் பொய் சொல்லியிருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் பழுது வேறிடத்தில். ஆனால் சில வண்டிகளில் கப்ளரைக் கழற்றியதுமே இ.சி.யூ. தானே வேகத்தைக் குறைத்து லிம்ப் மோடுக்குப் போய்விடும், அங்கே இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. இழுவை திரும்பிவிட்டது என்று கழற்றியபடியே வாரக்கணக்கில் ஓட்டுவதும் உண்டு. இ.ஜி.ஆர். வழியில் தகடு வைத்து அடைப்பது அதற்கு அண்ணன் முறை. இரண்டுமே அன்றைய லோடை இறக்க உதவலாம், புகைச் சோதனையிலும், டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டிகளிலும் பின்னால் வட்டியோடு திரும்பி வரும்.

சென்சார்தான் குற்றவாளி என்று தெரிந்த பின்னும் முதலில் செய்ய வேண்டியது சுத்தம். இதற்கென்றே மாஸ் ஏர் ஃப்ளோ கிளீனர் என்று ஸ்ப்ரே டின் விற்கிறது. புது சென்சாரோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கப்ளரை விடுவித்து, குழலிலிருந்து இரண்டு ஸ்க்ரூவை எடுத்தால் சென்சார் கையில் வரும். பல வண்டிகளில் இந்த ஸ்க்ரூ நட்சத்திர வடிவில், நடுவில் குமிழோடு இருக்கும். அதற்கேற்ற பிட் இல்லாமல் கட்டிங் பிளேயரால் திருகித் தலையைத் தேய்ப்பவர்களால்தான் பல சென்சார்கள் உடைகின்றன. சிறிது இடைவெளி விட்டு, சிறிய ஜன்னல் போன்ற திறப்பின் வழியாகப் பத்துப் பதினைந்து முறை விட்டு விட்டு ஸ்ப்ரே செய்து, பழுப்பு நீர் சொட்டுவது நின்று தெளிவாகச் சொட்டும்வரை தொடர வேண்டும். தகட்டை எதுவும் தொடக்கூடாது. இயர்பட், பிரஷ், துணி, விரல் எல்லாம் விலக்கு. அந்தத் தகடு தாளைவிட மெல்லிய சவ்வு. கம்ப்ரஸர் காற்றும் அதைக் கிழிக்கும். பெட்ரோல், தின்னர், கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் ஆகியவை பிளாஸ்டிக்கையும் பூச்சையும் தின்னும், அல்லது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். கழுவிய சென்சாரை நிழலில் அரை மணி நேரமாவது தானாக உலர விட வேண்டும். ஈரத்தோடு மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், ஸ்ப்ரே தீப்பற்றக்கூடியது என்பதை வண்டியே நினைவூட்டும்.

சுத்தம் செய்தும் இக்னிஷன் ஆனில் பூஜ்யத்துக்கு வரவில்லை, ரேஸில் ஏறவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். பழைய சென்சாரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போக வேண்டும், வண்டியின் பெயர் மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாதிரி தோற்றமுள்ள இரண்டு சென்சார்கள் ஒரே அளவு காற்றுக்கு வெவ்வேறு சைகை தரும், கப்ளர் இரண்டிலும் பொருந்தும், வண்டி மட்டும் ஓடாது. போலிகள் மலிந்த பொருள் இது, பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதே எச்சரிக்கை. மாட்டும்போது குழலில் உள்ள அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்கிறதா, ரப்பர் வளையம் முறுக்காமல் உட்கார்ந்ததா என்று பார்த்து, ஸ்க்ரூவைக் கையளவு இறுக்கத்தோடு நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் மரை நெகிழ்ந்துபோனால் குழலையே மாற்ற நேரிடும்.

பிறகு ஸ்கேனரில் கோடுகளை அழித்து, அந்த வண்டிக்கு அப்படியொரு வசதி இருந்தால், பழைய சென்சாருக்கு ஏற்ப இ.சி.யூ. கற்றுவைத்திருந்த திருத்தங்களையும் அழிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் புது சென்சாரின் உண்மையையும் பழைய சந்தேகத்தோடுதான் அது கேட்கும். சோதனை ஓட்டம் காலி வண்டியில் போதாது. வழக்கமான லோடோடு, வழக்கமான ஏற்றத்தில், ஸ்கேனரை மாட்டியபடி ஓட்ட வேண்டும். 3,000 சுற்றில், டர்போ முழுமூச்சில் அழுத்தி நிரப்பும் காற்றையும் சேர்த்தால், மேலே போட்ட அதே கணக்கு நொடிக்கு 100 கிராமை ஒட்டி வரும். இரண்டு மூன்று நாள் கழித்து நிலுவைக் கோடு ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது.

டி.பி.எஃப். உள்ள வண்டியில் மட்டும் ஒன்று பாக்கி. சென்சார் பொய் சொன்ன வாரங்களில் கிளம்பிய கரி அந்த வடிகட்டியில் தேங்கியிருக்கலாம். அதன் கரி அளவை ஸ்கேனரில் பார்த்து, தேவைப்பட்டால் எரித்துச் சுத்தமாக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் திறந்தவெளியில், அருகே காய்ந்த சருகோ கரும்புச் சோகையோ இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தித்தான் அதைச் செய்வார்கள், அந்த நேரத்தில் சைலன்சர் கொதிக்கும். அது முடியாதவரை புதுச் சென்சார் மாட்டிய வண்டியும் கணவாயில் இரண்டாவது கியரிலேயே ஏறும்.